மீசைக்கார இறாலுக்கு நடந்த இரங்கல் கூட்டம்

ஒரு காட்டில், கடலின் இரைச்சல் காதில் விழும் கிழக்கு ஓரத்தில், செவத்தையா என்றொரு தேவாங்கு வாழ்ந்து வந்தது. நிதானத்துக்குப் பேர்போன தேவாங்கு. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கை நீட்டினால், கை போய்ச் சேர்வதற்குள் அந்தக் கிளையில் புதிதாக ஓர் இலை துளிர்த்திருக்கும்.

ஒருமுறை அது, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆன்லைனில் ஒரு மேசை விளக்குக்குச் சொல்லி வைத்தது. பார்சலைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. கூடவே கடலுப்புப் பொட்டலம், உப்பை அளக்கும் மானி, பிளாஸ்டிக் பைக்குள் திருதிருவென்று விழிக்கும் ஒரு கோமாளி மீன். தவறி வந்ததைத் திருப்பி அனுப்பத் தேவாங்கு போனை எடுத்தது. விரல் பொத்தானைத் தொடுவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. அதற்குள் மீன் வேறு அதை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டது. அப்புறம் எங்கே அனுப்புவது?

மீனுக்குச் சொக்கி என்று பெயர் வைத்து, தன் பாறைப் பொந்திலேயே தொட்டியை அமைத்துக்கொண்டது செவத்தையா.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு சொக்கி தொட்டிக்குள் இருந்த பாறையில் போய்ப் போய் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது.

"என்ன சொக்கி, உடம்புக்கு என்ன?"

"அரிப்புண்ணே. முதுகுல பழைய தோலு ஒட்டிக்கிட்டு நிக்குது. எனக்குக் கையா இருக்கு சொறிஞ்சுக்க? பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள நான் ரெண்டு தூக்கம் தூங்கிடறேன்."

செவத்தையாவுக்கு மனசு கேட்கவில்லை. தேய்த்துத் தேய்த்துச் செதில் உரிந்த இடத்தில் சிவந்து போயிருந்தது. இப்படியே விட்டால் மீன் தங்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே கிளம்பி, கடற்கரையில் கொக்கு ஞானப்பிரகாசம் நடத்தும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞானப்பிரகாசம் வாடிக்கையாளர்கள் எதிரில் எப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்கும். எல்லோரும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடையில் இன்னொரு விசேஷம், விற்காத சரக்கு என்று எதுவும் மறுநாளுக்குத் தங்காது. எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை.

"மீனுக்கு ஒரு துணை வேணும். ஆனா இன்னொரு மீன் வேண்டாம். தொட்டி சின்னது" என்றது செவத்தையா.

"அப்ப முதுகெலும்பு இல்லாதவங்க வரிசைக்கு வாங்க சார். நம்ம காட்டுல அவங்களுக்குப் பஞ்சமா?" என்று கொக்கு முன்னால் நடந்தது.

முதலில் ஒரு கடல் சாமந்தி. இளஞ்சிவப்பில் இதழிதழாக அசைந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்கு. ஒரே இடத்துல இருக்குமா?"

கொக்கு பதில் சொல்வதற்குள் சாமந்தியே பேசியது. "எனக்கு இடம் பிடிக்கணும். பிடிக்கிற வரைக்கும் நடப்பேன். குறுக்க யார் வந்தாலும் கொட்டுவேன். உங்க தொட்டியில எனக்குப் பிடிச்ச இடம் இருக்கான்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

செவத்தையா மெதுவாக ஓர் அடி பின்வாங்கியது.

அடுத்து நட்சத்திர மீன். பார்வைக்கு லட்சணம். "எனக்குப் பெரிய பாறைங்க வேணும், அதுல வருஷக்கணக்குல படிஞ்ச தீனி வேணும். சின்ன வீட்டுல கொண்டுபோய் வெச்சா, குறையே சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்து கரைஞ்சு போயிடுவேன்" என்றது.

"ஐயோ, வேண்டாம்மா."

மூன்றாவது ஒரு கடல் அட்டை. புடலங்காய் போலப் படுத்துக் கிடந்தது. "நான் ரொம்ப சாது. மணலைத் தின்னு மணலைச் சுத்தம் பண்ணுவேன். கோபம் வந்தா மட்டும் குடலை வெளியே தள்ளிடுவேன். தொட்டி முழுக்க விஷமாயிடும். மத்தபடி என்னால யாருக்கும் தொந்தரவு கிடையாது."

"எப்பக் கோபம் வரும்?"

"இந்த மாதிரி கேள்வி கேட்டா வரும்."

செவத்தையா பெருமூச்சு விட்டுத் திரும்பியபோது, கடைசித் தொட்டியில் ஓர் இறால் நின்றிருந்தது. சிவந்த உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, வெள்ளை வெளேரென்று நீண்ட மீசை. ஆள் நிற்கிற தோரணையே சலூன் வாசலில் துண்டை உதறிக்கொண்டு நிற்பவரைப் போல இருந்தது.

"ஐயா, வாங்க" என்றது இறால். "மீனுக்கு முதுகு பார்ப்பேன், செவுளு பார்ப்பேன், வாய்க்குள்ள பல்லிடுக்கு வரைக்கும் பார்ப்பேன். மிச்சம் மீதி விழுந்தாப் பொறுக்கிச் சாப்பிட்டுக்குவேன். சண்டை சச்சரவு தெரியாது. ஒண்ணே ஒண்ணு, எனக்குத் தண்ணி திடீர்னு மாறினா உசுரு தாங்காது. நிதானமா இறக்கி விடறவங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

செவத்தையாவின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அதனிடம் நிதானத்தைக் கேட்கிறார்.

"இதையே குடுங்க" என்றது.

கொக்குக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மீசைக்காரரை அது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தது. இருந்தாலும் வியாபாரம் வியாபாரம். பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் செவத்தையா பையை அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டது. பைக்குள் இருக்கும் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாகட்டும் என்று. பிறகு இறாலை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய டியூபை இறக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டது. தொட்டித் தண்ணீர் வாளிக்குள் சொட்டு சொட்டாக விழுந்தது. செவத்தையா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அந்த வழியாகப் போன மந்தி பூவாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பூவாத்தாள் அந்தக் காட்டின் எல்லாக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நிற்பவள். போனில் எதைப் பற்றி வேண்டுமானாலும் வீடியோ பார்த்திருப்பாள்.

"தம்பி, யாருக்குக் குளுக்கோஸ் ஏத்தறே?"

"குளுக்கோஸ் இல்லக்கா. புது இறால். தண்ணிக்குப் பழக்கறேன்."

"கடல்ல இருந்து வந்தது கடல் தண்ணிக்குத்தானே போகுது? கவுத்து விடு!"

"உப்பு அளவு வேற வேறக்கா. திடீர்னு மாத்தினா செத்துப்போகும்."

பூவாத்தாளுக்குக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. அவள் போய்ச் சொன்னதில், செவத்தையா வீட்டில் யாருக்கோ டிரிப் ஏறுகிறது, பிழைப்பது கஷ்டம் என்று காடு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் பொந்து வாசலில் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வரிசை நின்றது. காட்டுப்பன்றி கருப்பண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் "இறாலுக்கா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாளித் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் மானியில் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒன்றான பிறகு, செவத்தையா மீசைக்காரரைத் தொட்டியில் இறக்கியது. அவர் மணலில் காலூன்றி, மீசையை ஒரு முறை சுழற்றி, "தண்ணி அருமை" என்றார்.

சொக்கிக்குத்தான் முதலில் பயம். மீசைக்காரர் முதுகில் ஏறியதும் "ஐயய்யோ, கூசுது! எறங்குய்யா கீழே!" என்று கத்தி ஓடியது. மறுநாள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் தானாகவே வந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சிவந்த இடம் ஆறத் தொடங்கியது. இரண்டும் பேசிச் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செவத்தையா நிம்மதியாகத் தூங்கும்.

ஒரு நாள் காலையில் சொக்கி போட்ட கூச்சலில் அது விழித்துக்கொண்டது.

"அண்ணே! அண்ணே! மீசை அசையலண்ணே!"

மணலில் மீசைக்காரர் ஒருக்களித்துக் கிடந்தார். அதே வெள்ளைக் கோடு, அதே கால்கள், அதே நீண்ட மீசை. கண் இருந்த இடத்தில் பார்வை இல்லை. சொக்கி மூக்கால் தொட்டுப் பார்த்தது. உடம்பு தக்கை மாதிரி புரண்டு கொடுத்தது.

"நான்தான் மொத நாளு திட்டினேன். கீழே எறங்குன்னு திட்டினேன்" என்று சொக்கி மூலையில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

செவத்தையா தொட்டிக்கு அருகே வந்தது. சொட்டு வேகமாக விழுந்துவிட்டதோ? மானியைச் சரியாகப் பார்க்கவில்லையோ? நிதானமானவர்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று நம்பி வந்தவரைக் கொன்றுவிட்டோமே என்று அது கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்படியே நின்றது. தொட்டிக்குள் இருந்த அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கத்தான் கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தது. கழுத்து பாதி திரும்புவதற்குள் பூவாத்தாள் வந்துவிட்டாள்.

"எல்லாம் நான் பார்த்துக்கறேன் தம்பி. நீ அழு" என்றாள்.

மதியத்துக்குள் பொந்து வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் எழுந்துவிட்டது. நடுவில் பூவாத்தாள் கைகூப்பிய படம். சுற்றிலும் கருப்பண்ணன், மான்கள், முயல்கள், மயில் ஆகியோரின் படங்கள். மூலையில், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு இறாலின் மீசை. இன்னொரு பக்கம் அடுப்பு மூட்டி வடை போட ஆரம்பித்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகலாமா?

கூட்டம் தொடங்கியது. கருப்பண்ணன் முதலில் பேசியது.

"அன்னாருக்கும் எனக்கும் அப்படியொரு பழக்கம். உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டதும் ஹார்லிக்ஸோடு ஓடி வந்தவன் நான். அவரைப் போல ஒரு தொழிலாளி இனிமேல் பிறக்கப் போவதில்லை!"

மயில் பேசும்போது, தன் தோகையின் வண்ணங்களைப் பற்றி இறால் ஒருமுறை மனம்விட்டுப் பாராட்டியதாகச் சொல்லித் தேம்பியது. முயல் பேச வாயெடுத்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கடைசியில் பூவாத்தாள் எழுந்தாள். "முதுகெலும்பு இல்லைன்னு அவரைச் சொன்னாங்க. ஆனா இந்தக் காட்டுலயே நிமிர்ந்து நின்ன ஒரே ஆளு அவருதான்!" என்றதும் மான்கள் வாய்விட்டு அழுதன.

செவத்தையா எதையும் கேட்கவில்லை. அதன் கண் மணலில் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானப்பிரகாசமும் வந்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. "உடலை என்ன பண்றதா உத்தேசம் சார்? ரொம்ப நேரம் தண்ணியில வெச்சிருந்தாத் தண்ணி கெட்டுடும். அடக்கத்தை நானே பார்த்துக்கறேன்."

செவத்தையா தலையை ஆட்டத் தொடங்கியது. அது சரியா வேண்டாமா என்று தெரிவதற்குள் கொக்கின் அலகு தொட்டிக்குள் போய் வந்துவிட்டது. லபக். கறுக். அடக்கம் முடிந்தது.

உடனே ஞானப்பிரகாசத்தின் முகம் கோணியது.

"என்ன சார் இது, வெறும் ஓடு! உள்ளே ஆளையே காணோம்!"

கூட்டம் தொட்டியை எட்டிப் பார்த்தது. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை மீசை மெல்ல நீண்டது.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. சட்டை போடலை" என்றது ஒரு குரல்.

"யோவ்!" என்று சொக்கி பாய்ந்தது.

"கிட்ட வராதே சொக்கி. ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. வளர வளரப் பழைய ஓடு பத்தாது, கழட்டிப் போட்டுடுவோம். புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் ஒளிஞ்சுக்குவோம். காலையிலயே சொல்லலாம்னுதான் பார்த்தேன். வெக்கமா இருந்துச்சு. அப்புறம் இவங்கல்லாம் பேச ஆரம்பிச்சாங்க..." மீசை கொஞ்சம் நடுங்கியது. "நடுவுல நிறுத்த மனசு வரலை. சுண்ணாம்புச் சத்துக்காக அந்த ஓட்டை நானே தின்னலாம்னு வெச்சிருந்தேன். அதைக் கொக்கையா முழுங்கிட்டாரு, பரவாயில்லை."

செவத்தையாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் பரவியது. அது முழுசாக வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்த பிறகு போகவேயில்லை.

ஆனால் கூட்டத்தில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

"அப்ப நாங்க அழுதது?" என்று மான்கள் கேட்டன.

"உசுரோட இருக்கிற ஆளையா நான் அப்படிப் புகழ்ந்தேன்? நான் பேசினதெல்லாம் வாபஸ்!" என்றது கருப்பண்ணன்.

"நல்லவர்னு மேடையில சொல்லிட்டோம். இனிமே தெருவுல பார்த்தா வணக்கம் வேற சொல்லணும்" என்று மயில் சலித்துக்கொண்டது.

பூவாத்தாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தம்பி செவத்தையா, இது நல்லாயில்லை. செத்தா செத்ததா இருக்கணும். பேனரை என்ன பண்றது?"

செவத்தையா பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் பாறைக்குப் பின்னாலிருந்து மீசைக்காரர் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசமும் சட்டை கழட்டுவேன்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"அதுக்கடுத்த மாசம்?" என்றது முயல்.

"அப்பவும்."

"வடை?" என்று கேட்டது கருப்பண்ணன்.

எல்லோரும் செவத்தையாவைப் பார்த்தார்கள். பழைய தோல் எல்லாம் போய்ப் பளபளவென்று நீந்தும் சொக்கியைச் செவத்தையா பார்த்தது. பிறகு சரியென்று தலையை ஆட்டியது. இந்தத் தடவை எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து மாதாமாதம் அந்தப் பொந்து வாசலில் இரங்கல் கூட்டம் நடக்கிறது. வராதவர்கள் கிடையாது. போன மாதத்தை விட இந்த மாதம் உருக்கமாகப் பேசவேண்டும் என்று போட்டி வேறு. மீசைக்காரர் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, புது ஓடு கெட்டியாகும் வரை கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டம் கலைந்த பிறகு வெளியே வந்தால் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி அவருக்குக் குறையும் இல்லை.

ஒருமுறை சொக்கி பூவாத்தாளிடம் கேட்டது. "ஏக்கா, அவரு வெளியே இருக்கும்போதே இதையெல்லாம் அவரு மூஞ்சிக்கு நேரே சொன்னா என்ன?"

பூவாத்தாள் வடையைக் கடித்தபடி சொன்னாள். "சொல்லலாம்தான். ஆனா அதுக்கு யாரு வருவா?"

நீதி: மாதம் ஒருமுறை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயாவது ஒளிந்துகொள்ளுங்கள், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. வடைச் செலவை மட்டும் யார் தலையிலாவது முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.