பாத்திரங்கள் மட்டும் பேசின

பதினேழாவது கட்டுரையும் "மரம் மனிதனின் உற்ற தோழன் மட்டுமல்ல, உயிர்மூச்சும்கூட" என்றுதான் ஆரம்பித்தது. மொழிப்பாட டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"எல்லாம் பசங்க கேட்க, போன் எழுதிக் கொடுத்தது," என்றார் எதிர் நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார். "மார்க்கைப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்கம்மா. நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகல. எதுக்கு வம்பு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த மாதக் கடைசியில் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு பள்ளி, வேறு பஸ், மறுபடியும் முதலிலிருந்து.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பின் போன்களையெல்லாம் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, இங்கேயே எழுதுங்கள் என்றாள்.

"மிஸ், கை வலிக்குது."

"மூணு வரிக்கா?"

"பழக்கமில்ல மிஸ்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் மௌனச்சாமி. அவள் 'மரம்' என்று எழுதி, அடியில் அழகாக ஒரு கோடு போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பும்போது டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. போனுக்குத் தெரியாத விஷயத்தைக் கேட்டால்?

"வீட்டுப்பாடம். உங்க வீட்ல நடந்த ஒரு சண்டை," என்றாள் மறுநாள். "உள்ளதை உள்ளபடி எழுதணும். எந்தப் போனுக்கும் இது தெரியாது."

எழுதி வந்தார்கள். பக்கம் பக்கமாக. மௌனச்சாமிகூட ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

*அம்மா கட்டிலைக் காட்டினாள். அதில் அப்பாவின் ஈரத் துண்டு கிடந்தது. 'நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?' என்றார் அப்பா. 'ஒண்ணும் சொல்லல' என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.*

டீச்சர் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே இதைப் படித்தாள். கண் கலங்கிவிட்டது. பிறகு படுக்கையறையை எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஈரத் துண்டு கட்டில்ல கிடக்கு."

"நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?" என்றார் கணவர்.

இப்படி எழுதும் பிள்ளையை ஊர் பார்க்க வேண்டாமா? பெற்றோர் கூட்டத்தன்று கட்டுரைகளை வராந்தாப் பலகையில் ஒட்டுவது என்று முடிவு செய்தாள். பிள்ளைகளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பெயரை எடுத்துவிட்டாள். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லாவற்றையும் தானே உட்கார்ந்து டைப் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கூட்டத்தன்று பெற்றோர் பலர் அந்த ஈரத் துண்டுக் கட்டுரையின் முன்னால்தான் கூடினார்கள்.

"இது என் பையன் வேலைதான்," என்றார் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. "மானத்தை வாங்கிட்டான்."

"உங்க பையனா? ஏங்க, பாத்திரத்தை உருட்டுறது நானுங்க! எங்க பொண்ணு எழுதினது இது."

"நீங்க நேத்துதான உருட்டுனீங்க? நான் பத்து வருஷமா உருட்டுறேன்," என்றார் மூன்றாமவர். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "எல்லாம் உங்களாலதான்."

"நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?" என்றார் அவர்.

வராந்தாவே சிரித்தது.

மௌனச்சாமியின் அப்பாவும் அம்மாவும் மட்டும் கோபப்படாமல் அதைப் படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், நகர்ந்துவிட்டார்கள். என்ன பெருந்தன்மை என்று நினைத்தாள் டீச்சர்.

அவசரமாக அந்தத் தாளைக் கிழித்தெடுத்தாள். அதுவரை படிக்காதவர்களும் "என்ன அது, என்ன அது?" என்று சூழ்ந்துகொண்டார்கள். யாரோ முன்பே படம் எடுத்திருந்தார்கள். மாலைக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழு முழுக்க ஈரத் துண்டு. 'அது வெறும் கற்பனை' என்று டீச்சர் ஒரு செய்தி போட்டாள். 'அப்போ பிள்ளைகளுக்குப் பொய் எழுதச் சொல்லித் தர்றீங்களா?' என்று பதில் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கணக்கு வாத்தியார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் தலைமையாசிரியை அழைத்தார். மேசையில் நிரந்தர உத்தரவு. பேனா திறந்திருந்தது.

"அந்தத் துண்டுக் கட்டுரை. யார் எழுதினது?"

"ஒரு பிள்ளை, மேடம்."

"பேர் கேட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுத் துண்டு விஷயம் வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. யாரோ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்திருக்காங்க."

"எட்டிப் பார்க்கல மேடம். அது அவ வீட்டுக் கதை."

"அவளா? சரி, எந்த அவ?"

டீச்சர் உத்தரவைப் பார்த்தாள். தன் பெயர் அச்சில் எவ்வளவு நன்றாக இருந்தது! இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பிள்ளை, சொந்தக் கையால், சொந்த வீட்டைப் பற்றி, உண்மையாக நாலு வரி எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் இந்த மேசைக்கு முன்னால் நிறுத்துவதா?

"மன்னிச்சுக்கோங்க மேடம். சொல்ல மாட்டேன்."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வெளியே படிக்கட்டின் கீழே மௌனச்சாமி நின்றிருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது போல. முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், அது வந்து..."

"பயப்படாத. உன் பேரை நான் சொல்லல."

"இல்ல மிஸ், அந்தக் கட்டுரை..."

"என் வேலை போனாப் போகுது, விடு." டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். களைப்பிலும் ஒரு சிரிப்பு வந்தது. "நீ எழுதறதை மட்டும் நிறுத்திடாதே. உங்க வீட்டை நீ எழுதின மாதிரி யாராலயும் எழுத முடியாது."

மௌனச்சாமி டீச்சரின் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க வீட்ல யாரும் சண்டையே போட மாட்டாங்க மிஸ், அதான் போன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கினேன்."