அடிபம்பும் பதினோரு நிமிடப் படமும்

இனிமேல் குடம் தூக்குவதில்லை என்று 1967-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை தீர்மானம் செய்தேன். முன்மொழிந்தவனும் நான், வழிமொழிந்தவனும் நான். என் மனைவி யூனிஸுக்குத் தெரியாமல் நிறைவேற்றியதால் எதிர்ப்பே இல்லை.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமானால் இரண்டு தெரு தள்ளி, சபைக் காம்பவுண்டில் இருக்கும் அடிபம்புக்குப் போகவேண்டும். போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில் யூனிஸுக்கு மணிக்கட்டு பிசகியது. “ரெண்டே ரெண்டு நாளைக்கு நீங்க கொண்டாந்துடுங்க” என்றாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. மணிக்கட்டு என்றைக்கோ சரியாகிவிட்டது. அதே கையால் அவள் மாவாட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். கேட்டால், “அது வேற நரம்பு” என்கிறாள்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் தனசிங். என் மாணவர்கள் வரும் வழியும் அந்த வழிதான். எனக்கு இரண்டு கையிலும் குடம். “குட் மார்னிங் சார்!” என்று ஒரு வகுப்பே கை தூக்கினால் நான் எந்தக் கையைத் தூக்குவது? போன வாரம் கரும்பலகையில் எவனோ ஒரு குடம் வரைந்து அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தான். சாயல் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாயால் சொல்லி யூனிஸை மாற்ற முடியாது. ஆனால் என்னிடம் வேறொரு ஆயுதம் இருந்தது. பள்ளிக்கூடத்து புரொஜெக்டர் என் பொறுப்பு. மாதம் ஒரு தடவை எழும்பூரில் இருக்கும் படச்சுருள் நூலகத்துக்கு மின்சார ரயிலில் போய், தகர டப்பாவில் ஒரு சின்னப் படம் வாங்கி வருவேன். பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் ஓடும். சுகாதாரம், விவசாயம், உடற்பயிற்சி, எல்லாம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் சபைக் காம்பவுண்டில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டுவேன். கைக்குழந்தை முதல் கம்பு ஊன்றுகிறவர் வரை எல்லாரும் வந்து உட்கார்ந்து பாடம் கற்றுக்கொண்டு போவார்கள்.

அதன் சக்தி எனக்கு அனுபவத்தில் தெரியும். டிசம்பரில் ஈயைப் பற்றி ஒரு படம் காட்டினேன். ஈயின் கால் வேட்டி முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஸ்டேஷன் வாசல் பஜ்ஜி எனக்குத் தடை. பன்னிரண்டு வருஷப் பஜ்ஜியைப் பத்து நிமிஷப் படம் ஒழித்துவிட்டது.

படங்கள் எல்லாம் இங்கிலீஷ். ஆகையால் சத்தத்தை அணைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து நானே தமிழில் விளக்கம் சொல்வேன். ஜனங்கள் கண்ணை விடக் காதைத்தான் அதிகம் நம்புகிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. நூலகப் பட்டியலில் ‘இல்லத்தரசியின் ஒரு நாள்’ என்று ஒரு படம் இருந்தது. பதினோரு நிமிஷம். உடனே தபாலில் எழுதிப் போட்டேன். விளக்கத்தையும் அன்றைக்கே எழுதினேன். ‘அதிகாலை ஐந்து மணி. குடும்பத் தலைவி எழுந்துவிட்டாள். முதல் வேலையாகத் தண்ணீர் கொண்டுவரப் புறப்படுகிறாள். கணவனின் தூக்கத்தைக் கலைக்காமல் மெல்ல நடக்கிறாள்.’ எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த வீட்டு அசரியாவிடம் படித்துக் காட்டினேன். ரயில்வே பணிமனையில் வேலை. பெரிய பெரிய இரும்பைத் தூக்குகிற ஆள். ஆனால் குடம் தூக்குவதில்லை. அவருடைய சம்சாரம்தான் தூக்குகிறாள்.

“பிரமாதம் சார்! உங்களுக்கு விடுதலை. எனக்கும் நல்லது. உங்களைக் காட்டிக் காட்டியே என் வூட்டுல தினம் பேச்சு” என்றார்.

சுத்தமாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் பிரதி மேஜையில் எங்கோ காணாமல் போனது. மனப்பாடமாக இருந்ததால் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எழும்பூருக்குக் கிளம்பும்போது யூனிஸ் ஒரு பாட்டிலை நீட்டினாள். காகிதத்தில் சுற்றி, நூல் கட்டியிருந்தது.

“எலுமிச்சை ஊறுகாய். ஜெயசீலிகிட்ட குடுத்துடுங்க.”

ஜெயசீலி எங்கள் சபைப் பெண். அந்த நூலகத்தில்தான் வேலை. எழும்பூரிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

“பாவம், தனியா சமைச்சுச் சாப்பிடுது” என்றாள் யூனிஸ். “ஆமா, நாளைக்கு என்ன படம்?”

“குடும்ப முன்னேற்றம்.”

“யாரோட முன்னேற்றம்?”

“பொதுவா.”

“முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாக்க மாட்டீங்களா?”

“எதுக்கு? படம் எதை வேணா காட்டட்டும். சொல்லப்போறது நான்தானே!”

“அதுவும் சரிதான்” என்றாள் யூனிஸ். கல்யாணமாகி அவள் என்னை ஆமோதித்தது அது இரண்டாவது முறை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் காம்பவுண்டு நிறைந்துவிட்டது. முன் பாயில் யூனிஸும் பெண்கள் சங்கத்தாரும். பக்கத்தில் மீன் விற்கும் செல்வம்மாள், காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆண்கள். போதகர் ஐயாவுக்கு மட்டும் நாற்காலி. டப்பாவின் மேல் எண் மட்டும்தான் இருந்தது; படத்தின் தலைப்பு இருக்கும் துண்டு கிழிந்து போயிருந்தது. நூலகப் படங்களில் பாதிக்குத் தலை இருக்காது. மாட்டினேன், சுவிட்சைத் தட்டினேன், மைக்கைப் பிடித்தேன்.

“அதிகாலை ஐந்து மணி. குடும்பத் தலைவி எழுந்துவிட்டாள்.”

வேட்டியில் ஒரு வெள்ளைக்காரி போர்த்திக்கொண்டு தூங்கினாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் எழுந்து செருப்பைத் தேடினான்.

“எழுந்துவிடுவாள்” என்று திருத்தினேன்.

அவன் அடுப்பைப் பற்றவைத்தான். இரண்டு வாளிகளை எடுத்தான். கதவைத் திறந்தான். வெளியே ஒரு அடிபம்பு.

“ஐயோ, நம்ம பம்பு மாதிரியே இருக்கே!” என்றது ஒரு குழந்தை.

நிறுத்தலாம் என்றால் பல்பின் சூட்டில் சுருள் கருகிவிடும். ஓட்டித்தான் ஆகவேண்டும். புத்தி வேலை செய்தது.

“இவர்தான் அந்த வீட்டு வேலைக்காரர்” என்றேன்.

யூனிஸ் மரியாதையாகக் கையைத் தூக்கினாள். “சார், ஒரு சந்தேகம். வேலைக்காரர் அந்தம்மா பக்கத்துலயா படுத்திருந்தார்?”

“அந்த நாட்டில் கடுங்குளிர். இடவசதி குறைவு.”

“சரிங்க.”

வேலைக்காரர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். பாத்திரம் கழுவினார். குழந்தையைக் குளிப்பாட்டினார். டை கட்டிக்கொண்டு காபி போட்டார். அப்போதுதான் அந்த அம்மாள் எழுந்து வந்து செய்தித்தாளைப் பிரித்தாள். கையிலிருந்த காகிதத்தில் இவை ஒன்றுக்கும் வசனம் இல்லை.

அந்த ஆள் காபியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

பாய்ந்து லென்ஸைக் கையால் மூடினேன். லேட். காம்பவுண்டே பார்த்துவிட்டது.

“இன்னா சார் இது!” செல்வம்மாள் கூடையை விட்டு எழுந்துவிட்டாள். “வேலைக்காரன்னு சொல்ற, வூட்டம்மாவ முத்தம் குட்துகினு கீறான்! புருசங்காரன் எங்க கீறான்?”

“அதானே, வீட்டுக்காரர் எங்க?” என்று பெண்கள் சங்கம் முழுவதும் கேட்டது.

போதகர் ஐயா நாற்காலியில் நெளிந்தார். சபைக் காம்பவுண்டில் முறைகேடான படம் காட்டியவன் என்ற பெயரா, குடமா? இரண்டில் ஒன்றுதான். யூனிஸ் முகத்தைப் பார்த்தேன். பாடம் கவனிக்கும் மாணவி மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அவர்... அவர்தான் கணவர்” என்றேன்.

“கணவரா?” என்றாள் யூனிஸ். “பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம் சார். மைக்கைக் கிட்ட வச்சுச் சொல்லுங்க.”

“கணவர்தான்! தண்ணீர் கொண்டுவந்தவர் கணவர்!”

பெண்கள் பக்கம் கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. போதகர் ஐயாவுக்கு மூச்சு வந்தது. எழுந்து நின்றார்.

“மிக அருமையான பாடம். தனசிங் சார் இதைப் படம் பார்த்துக் கற்கவில்லை. பத்து மாதமாகச் செய்துகாட்டிவிட்டுத்தான் போதிக்கிறார். திங்கட்கிழமை முதல் நம் சபை ஆண்கள் எல்லாரும் அவரைப் பின்பற்ற வேண்டும்.”

திங்கள் காலை அடிபம்புக்கு முன்னால் பதினான்கு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். அசரியா இரண்டு குடத்தோடு எனக்குப் பின்னால் நின்றார்.

“நல்லா படம் காட்டினீங்க சார்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யூனிஸ் இன்னொரு பாட்டிலை நீட்டினாள். அதே மாதிரி காகிதம், அதே மாதிரி நூல்.

“நார்த்தங்காய். படத்தைத் திருப்பிக் குடுக்கப் போறீங்கல்ல, அப்படியே ஜெயசீலிகிட்ட குடுத்துடுங்க. சாய்ச்சுடாதீங்க, எண்ணெய் வழியும்.”

எண்ணெய் வழியாமல் எழும்பூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். நூலகத்தில் டப்பாவை மேஜைமேல் தொப்பென்று வைத்தேன்.

“ஏம்மா ஜெயசீலி, நான் கேட்ட படம் என்ன, நீ குடுத்த படம் என்ன? தப்பா எடுத்துக் குடுத்து என் மானத்தையே வாங்கிட்டியேம்மா!”

“தப்பா? அக்கா கேட்டதைத்தானே சார் குடுத்தேன்!”

இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. என் கையெழுத்து. ‘அதிகாலை ஐந்து மணி. குடும்பத் தலைவி எழுந்துவிட்டாள்.’ காணாமல் போன முதல் பிரதி. ஓரத்தில் சிவப்பு மையில், நான் விடைத்தாள் திருத்துகிற பேனாவால், யூனிஸ் எழுதியிருந்தாள்: ‘இதற்கு நேர் எதிராக ஏதாவது படம் இருந்தால் சாரிடம் கொடுத்தனுப்பவும்.’

“எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைச் சுத்தி வந்துது சார். நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க?”

நார்த்தங்காய் பாட்டிலை அவளே என் கையிலிருந்து வாங்கினாள். நூலை அவிழ்த்தாள். காகிதத்தை நீவிப் படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனவள் ஐந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா இது?”

“‘ஆண்களுக்கு எளிய சமையல்’. அஞ்சு பாகம் சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“அஞ்சையும் நான் எப்படித் தூக்கிட்டுப் போறது?”

ஜெயசீலி காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

“ரெண்டு குடம் தூக்கிப் பழகின கை, தூக்கும்னு அக்கா எழுதியிருக்காங்க சார்.”