வாயைத் திறந்தால் பிரெஞ்சு

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வகுப்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆகவே அதை மேம்படுத்துவது என்று மேலிடம் தீர்மானித்தது.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அதை அறிவித்தார். அவர் குரல் எனக்கு அத்துப்படி. வாயில் சூடான உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு துப்பவும் மனமில்லாமல் பேசினால் அதுதான் அவர். "இளம் மாணவர்கள் வகுப்பறையில் பிரெஞ்சு பேசுவதை ஊக்குவிக்கும் பொருட்டு, இன்று முதல் வேறு எம்மொழியும் பேசப்படலாகாது. ஊக்கமடையாதவர்கள் வெயிலில் நிறுத்தப்படுவார்கள்."

பிரெஞ்சு டீச்சர் என் சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. வேலை தற்காலிகம், ஆகவே குடியிருப்பும் தற்காலிகம். அதாவது என் அறையில் பாதி. அவள் பெட்டி என் கட்டிலுக்கு அடியில், அவள் அலாரம் என் காதுக்குப் பக்கத்தில். ஆய்வாளர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம், சித்தி தனி வீடு பார்த்துப் போய்விடுவாள். திருப்திப்படாவிட்டால் வேலையே போய்விடும், பெட்டி நிரந்தரம். எனவே அவள் வேலையில் அவளைவிட எனக்குத்தான் அக்கறை.

உத்தரவு வருவதற்கு முன்னால் நாங்கள் நிறையப் பேசினோம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று சித்தி கேட்டதற்குப் பின்பெஞ்சுத் தடியன் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி, "என் அண்ணனைச் சாப்பிட்டேன்" என்றான். உப்புப் போட்டா போடாமலா என்று அவளும் பிரெஞ்சிலேயே கேட்டாள். வகுப்பே உருண்டு சிரித்தது. அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் நுழைந்துகொண்டிருந்தது.

உத்தரவுக்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. தப்பாகச் சொன்னால் அது பிரெஞ்சில் சேருமா சேராதா என்று தெரியாது. வெளியே வெயில் இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும். தலைமையாசிரியர் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஒரு பிழைகூடக் காதுல விழலையே டீச்சர். அபார முன்னேற்றம்."

இந்த முன்னேற்றத்தைப் பார்த்துக் கணக்கு வாத்தியாரும் தம் வகுப்புக்கு அதே பிரெஞ்சு உத்தரவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அலுவலக ஜன்னலுக்கும் அது பரவியது. கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போன என் அப்பாவிடம் குமாஸ்தா தலை நிமிராமல் மூக்கால், "பிரெஞ்சுல சொல்லுங்க" என்றார். அப்பா காற்றில் குழாயைத் திருகி, அண்ணாந்து வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். நடிப்பு பிரெஞ்சில் சேராது என்று பதில் வந்தது. குழாய் அப்படியே இருந்தது; புகார்கள் அடியோடு நின்றுபோயின. புகாரே இல்லாத பள்ளி என்று மேலிடம் பாராட்டியது.

கடைசியில் ஆய்வாளர் வந்தார். கழுத்தில் வெளிநாட்டுத் துண்டு, வாயில் "நான் அங்கே இருந்தப்போ" என்ற பேச்சு. எங்கே, எவ்வளவு நாள் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

சித்தி முன்பெஞ்சுப் பெண்ணை எழுப்பி ஏதோ கேட்டாள். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே பதில் சொன்னாள். சித்தி சிரித்தபடி ஒரு வார்த்தையைத் திருத்தினாள். ஆய்வாளரின் நெற்றி சுருங்கியது. "தப்பெல்லாம் வருதே." என் கண்ணுக்குள் அந்தப் பெட்டி தெரிந்தது.

நான் எழுந்தேன். பிரெஞ்சு எனக்கும் தெரியாது. ஆனால் அதன் சத்தம் தெரியும்: பாதி மூக்கு, கால்வாசித் தொண்டை, மிச்சம் தோள்குலுக்கல். அதை மட்டும் எடுத்துவிட்டேன். நடுநடுவே பெருமூச்சு விட்டேன். ஒரு இடத்தில் கண்கலங்கினேன். அர்த்தமுள்ள ஒரு சொல் தவறிக்கூட வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கையை விரித்து முடித்தேன்.

ஆய்வாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஆய்வாளரைப் பார்த்தார்.

"ஆழமான கருத்துங்கய்யா."

"நான் அங்கே இருந்தப்போ இப்படித்தான் பேசுவாங்க."

பிறகு ஆய்வாளர் தீர்ப்புச் சொன்னார். டீச்சர் குறுக்கிட்ட இடத்தில் தப்பு வந்திருக்கிறது. குறுக்கிடாத இடத்தில் தங்குதடையில்லாமல் வந்திருக்கிறது. ஆகவே பிரெஞ்சுக்கு இடைஞ்சலாக இருப்பது பிரெஞ்சு டீச்சர்தான். அந்தப் பணியிடத்தையே எடுத்துவிடலாம்.

சித்தி எழுந்து நின்று, முதன்முறையாக அந்த அறையில் உண்மையான பிரெஞ்சை முழுவேகத்தில் பேசினாள். விரல் என் பக்கம் நீண்டது, பிறகு அவர்கள் இருவர் பக்கமும் நீண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. இரண்டு அதிகாரிகளும் புன்னகை மாறாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"தம்பி, டீச்சர் என்ன சொல்றாங்கன்னு இவருக்குக் கொஞ்சம் சொல்லு" என்றார் ஆய்வாளர், தலைமையாசிரியரைக் காட்டி.

"நான் பேசினதெல்லாம் அவங்க சொல்லிக்கொடுத்ததுதானாம். ஐயா மாதிரி விஷயம் தெரிஞ்சவர் வந்ததாலதான் அது வெளிய தெரிஞ்சுதாம். இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசையாம்."

ஆய்வாளர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார். யோசித்தார். "நிரந்தரம் பண்ணிடலாம். ஆனா ஒண்ணு. உன் பேச்சுல இருக்கிற அந்த ஓட்டம் அவங்ககிட்ட இல்லை. தினம் உன்கிட்ட பயிற்சி எடுத்துக்கட்டும்."

இப்போது மாலை வேளைகளில் நான் வகுப்பெடுக்கிறேன். தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார், குமாஸ்தா எல்லாரும் வருகிறார்கள். என் மூக்கையும் தோளையும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அதிலேயே உத்தரவு போடுகிறார்கள், அதிலேயே விடுப்பு கேட்கிறார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்தும் போகிறது. கடைசி வரிசையில் என் சித்தி கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கட்டடத்திலேயே அவள் பேசுவது மட்டும்தான் யாருக்கும் புரிவதில்லை.

வேலை நிரந்தரமானதும் அவள் தனி வீடு பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். எல்லாவற்றையும் எடுத்து என் அலமாரியில் அடுக்கினாள். பிறகு அம்மாவிடம் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தாள்.

ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு கேட்டேன். அம்மா அசையவில்லை. மூக்கால் கேட்டுப் பார்த்தேன். தோளைக் குலுக்கினேன். கண்கூடக் கலங்கினேன், அது நடிப்பில்லை.

சித்தி கரண்டியைக் கையில் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தாள். அவள் பிரெஞ்சில் கேட்ட கேள்வி வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டதுதான். காலையில் என்ன சாப்பிட்டாய்.

தடியனிடம் அந்த வாக்கியத்தையாவது கேட்டு வைத்திருக்கலாம்.