நேரடி ஒலிபரப்பில் ஒரு நடவு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து முடிப்பவனுக்கு ஒரு வியாதி வரும். கண்ணில் படுகிற எல்லோரையும் திருத்தத் தோன்றும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. மேடைப் பேச்சில் ஊரே மயங்கிக் கிடந்த காலம் வேறு. குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றால்கூட "தாயே, தாகம் தணிக்கத் தண்ணீர் தா" என்றுதான் கேட்பேன். (அம்மா சொம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.)

அந்தக் குரலை நம்பி ஒரு வானொலி நிலையத்தில் என்னைத் தற்காலிக அறிவிப்பாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடிப்பெருக்கு மாலை நேரடி நிகழ்ச்சிக்கு நடவுப் பாட்டு வேண்டும் என்றார் நிலைய அதிகாரி.

"உங்க ஊர்ப் பொம்பளைங்களையே அழைச்சுட்டு வாப்பா. நல்லா அமைஞ்சா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதறேன். ஒண்ணே ஒண்ணு. கூலி, மிராசு, கொடி, கட்சி... மூச்சு விடக்கூடாது."

அவர் பயம் நியாயமானதுதான். திருவிடைமருதூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு மிராசுதாரருக்கும் நடவாட்களுக்கும் இழுபறி. சம்பா நடவு தொடங்குவதா வேண்டாமா என்று வரப்பிலேயே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"கவலை வேண்டாம் ஐயா. பாட்டை நானே செப்பனிட்டுத் தருகிறேன்" என்றேன். வியாதி என்றேனே, இதுதான்.

எங்கள் ஊரில் பாட்டுக்கு முதல் குரல் அம்மாதான். "வளமார் வயலில் வனிதையர் கூடி" என்று நான் எழுதியதைக் கேட்டுவிட்டு, "இதப் பாடினா நாத்து வேர் புடிக்காதுடா தம்பி" என்றாள். இருந்தாலும் மகன் வேலை என்பதால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துப் பாடம் செய்தாள். சின்னம்மா அஞ்சலையும் மற்றப் பெண்களும், கையில் ஒன்று இருந்தால்தான் வாய் வரும் என்று ஆளுக்கொரு நாற்று முடி, அதாவது ஒரு கட்டு நாற்று, கொண்டுவந்திருந்தார்கள்.

ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கரகரத்த குரலில் அறிவித்து முடித்தேன். அம்மா 'வளமார்' என்றாள். 'வயலில்' என்றாள். அவ்வளவுதான். நின்றுகொண்டு பாடி அவளுக்குப் பழக்கமே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள், குனிந்தாள். எல்லோரும் குனிந்தார்கள். சொந்தப் பாட்டு குபுகுபுவென்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடவு நடுகிறவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் அல்லவா போவார்கள்? கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தில் ஒவ்வோர் அடியாக, பாடிக்கொண்டே, பின்னால் நகர ஆரம்பித்தார்கள். மைக் மட்டும் வரப்பில் விட்ட கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றது. பாட்டு தேய்ந்துகொண்டே போயிற்று.

நான் தவழ்ந்து போய், "முன்னால வாங்கம்மா" என்று கெஞ்சினேன்.

அம்மா பாட்டை நிறுத்திவிட்டு முழுக் குரலில் கேட்டாள்: "நட்டத மிதிக்கச் சொல்றியாடா?"

(இது மட்டும் ஒலிபரப்பில் துல்லியமாகக் கேட்டதாம்.)

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து, மைக்கை நகர்த்திவைக்க அவரே வந்தார். சரிகைக் கரை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜமுக்காளத்தை மிதிக்காமல், ஓரமாக, நுனிக்காலில் வந்தார். அதாவது வரப்பின் மேல் மிராசுதார் ஐயா வருவது போலவே வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவு நேரத்தில் பெரிய மனிதர் யாராவது வரப்பில் வந்தால், காலடியில் நாற்று முடியை வைத்து மறித்துப் பாடுவார்கள். கேட்டதை "தர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் நகர முடியாது. அதிகாரி மைக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். காலடியில் பொத்தென்று ஒரு நாற்று முடி விழுந்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சின்னம்மா எடுத்தாள்:

"சரிகைக் கரை வேட்டி கட்டி
வரப்பு மேல வாராரு
தொந்தி முன்ன வருகுதடி
ஐயா பின்ன வாராரு!"

குலவை கிளம்பியது. அதிகாரி இந்தப்பக்கம் ஒதுங்கினார், அங்கே ஒரு முடி. அந்தப்பக்கம் ஒதுங்கினார், அங்கேயும் ஒன்று. இப்போது அம்மா:

"பசிச்ச மாடும் கத்துதையா
படி நெல்லு கூட்டுங்கையா
கூட்டலேன்னா நாத்தெல்லாம்
குந்தியிருக்கும் வரப்பு மேல!"

நான் அதிகாரியைப் பார்த்து 'பேசாதீங்க' என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். அதைக் கும்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. வியர்த்து வழிய, மார்போடு அணைத்திருந்த மைக்கில், "தர்றேன்மா, கூட்டித் தர்றேன், விடுங்க!" என்று அலறினார்.

ஊரில் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி நடவாட்களும் இருந்தார்கள், மிராசுதாரரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஊரே அவர் வாசலில். "ரேடியோவுல கவருமெண்டே சொல்லிருச்சுங்களே! நீங்க என்ன சொல்றீங்க?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டு எவ்வளவோ வாதாடிப் பார்த்தாராம். நாற்று முடிகள் வரப்பிலேயே குந்தியிருந்தன. மத்தியானத்துக்குள் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.

என் வேலையைப் பற்றி அதிகாரி மேலே எழுதத்தான் எழுதினார். அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி. "போனா போகுது விடுடா, ஊருக்கே சோறு வாங்கிக் குடுத்திருக்கே" என்றாள் அம்மா. கடைசியில் பேராவூரணியில் வாத்தியார் ஆனேன். அங்கே பிள்ளைகள் எழுந்து போக முடியாது.

வீட்டில் முடியும். இன்றைக்கும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எதையாவது விளக்க ஆரம்பித்தால், என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகுகிறாள். மகள் குனிகிறாள். இரண்டு பேரும் தரையில் நாற்று நட்டபடியே, அடியடியாகப் பின்னால் நகர்ந்து, அடுக்களைக்குள் போய் மறைகிறார்கள். போன வாரம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். புது உறவாயிற்றே, இந்த வீட்டு வழக்கம் தெரிந்திருக்காது என்று நம்பி, இலக்கியம் பற்றி நாலு வார்த்தை பேசலாமென்று செருமினேன்.

முதலில் குனிந்தது சம்பந்தியம்மாதான்.