கிரவுனார் எண்ணெய் மாற்றிய ஒரு மணி நேரம்

1958, மார்கழி மாதம், வியாழக்கிழமை. காலை ஏழு மணி: சிக்கலுக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து எங்கள் மருத்துவ வண்டி புறப்பட்டது. நோயாளி ஒருவர்: என் மனைவி. கடும் வயிற்றுவலி, காய்ச்சல். ஏழேகால்: தரவை என்னும் உவர்மண் வெளியில் தேங்கியிருந்த கடல்நீரில் பின்சக்கரங்கள் அச்சுக்கு மேல் இறங்கின. எட்டேகால்: ஊரார் தள்ளியதில் வண்டி கரையேறியது. எட்டரை முதல் ஒன்பதரை வரை: சிக்கல் சாலையோரத்தில் பின்னச்சு எண்ணெய் மாற்றப்பட்டது. பத்தே முக்கால்: ராமநாதபுரம், மருத்துவமனை. நான்காம் நாள் காலை நோயாளி இறந்தார்.

குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. எண்ணெயை மாற்றியவர் யார் என்று அதில் இல்லை.

புதுமடம் முதல் சாயல்குடி வரை ஓடிய மோட்டார் வண்டிகள் அனைத்தையும் அறிந்திருந்தும், அவற்றில் ஒன்றின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரே மனிதர் எங்கள் ஓட்டுநர் கிரவுனார். புதிய வண்டி ஒன்று வந்து நின்றால் ஊர் முழுவதும் அதன் முன்னால் கூடி விளக்கையும் கண்ணாடியையும் வியக்கும். அவர் பின்னால் போய்க் குனிந்துவிடுவார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, வணக்கத்தை எதிர்பார்த்து நின்றார். கிரவுனாரின் கால்கள் மட்டும் ஜீப்பின் அடியில் தெரிந்தன. "அய்யாவுக்குப் பின்னாடி ஒழுகுது" என்று அங்கிருந்து குரல் வந்தது. வாகனத்தைச் சொன்னார் என்று விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பின்னச்சின் நடுவில் குடம்போல் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டை ஓட்டுநர்கள் கிரவுன் என்பார்கள். எஞ்சினின் சுழற்சி அங்கே வந்துதான் இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரிகிறது. உள்ளே பற்சக்கரங்கள் கெட்டியான எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். அவருக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான்.

"எஞ்சின் இருக்கே, அது வெறும் வாய்ச்சவடால்ங்கய்யா. கத்துறது அது, பேர் வாங்குறது அது. பாரத்தச் சொமக்குறது பூராம் பின்னாடி இருக்குறவன்" என்பது அவருடைய தத்துவம். இதைச் சொல்லும்போது, வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து மேல்நாட்டுப் பட்டங்களோடு பயணம் செய்யும் என்னை ஏன் பார்த்தார் என்று நான் விசாரித்ததில்லை.

எங்கள் வண்டி போர்க்காலத்து ராணுவ லாரி. ஓர் அறநிலையம் அதை வாங்கி, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, மருந்து அலமாரி என்று அமைத்து எங்களிடம் ஒப்படைத்தது. கடற்கரை மக்கள் அதை வீட்டு வண்டி என்றார்கள். நானும் என் மனைவியும் அதில் ஆறாண்டுகள் குடியிருந்தோம். நான் நோய் பார்ப்பேன். அவள் மருந்து கலந்து கொடுப்பாள். கிரவுனார் வண்டியின் அடியில் பாய் விரித்துக்கொள்வார். தலைமாடு எப்போதும் பின்னச்சுப் பக்கம்.

எண்ணெய் மாற்றுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கிரவுனில் இரண்டு மரைகள், அதாவது திருகு மூடிகள்: மேலே ஊற்றுவதற்கு ஒன்று, கீழே வடிப்பதற்கு ஒன்று. மேல் மரையைத் திறந்து பார்க்காமல் கீழ் மரையில் கை வைக்கவே கூடாது. இந்தச் சட்டத்தை அவர் மனிதர்களுக்கும் விரித்திருந்தார். ஒரு நாள் வயிற்று உப்புசத்தோடு வரிசையில் நின்ற சம்சாரி ஒருவரிடம், "மொதல்ல மேல் மரையத் தெறக்கணும்ப்பா. கீழ தெறந்து எல்லாத்தையும் எறக்கிப்புட்டு, மேல தெறக்க வரலைன்னா என்ன செய்வே?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் வெளிறிய முகத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரய்யா, எனக்கு மேல் மரை எங்கன இருக்கு?"

என் மனைவி மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

புதுமடத்தில் ஒருமுறை கிரவுன் ஒழுகி வற்றிவிட்டது. எண்ணெய் மதுரையிலிருந்து வர வேண்டும். கிரவுனார் மருந்து அலமாரியின் முன் நின்று ஒவ்வொரு குப்பியாக மோந்து பார்த்தார். குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெயில் அவர் மூக்கு நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"கொழகொழன்னு இருக்கு. வாடையும் சகிக்கல. இது மருந்தில்லங்கய்யா, கிரவுன் ஆயிலு."

ஆறு குப்பிகளும் போயின. ஊர்ப் பிள்ளைகள் அவரைத் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். மருந்துப் பதிவேட்டில் என் மனைவி தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்: "நோயாளி: வண்டி. வயது: பன்னிரண்டு. உபாதை: பின்புறத்தில் வறட்சி." தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது: நோயாளி தற்போது எவ்வாறு உள்ளார்? "நடமாடுகிறார்" என்று நான் பதில் எழுதினேன். என் அலுவலக வாழ்க்கையில் நான் செய்த ஒரே வேடிக்கை அதுதான். அதுவும் அவள் சொல்லி எழுதியது.

அந்த மார்கழி முகாமில் மூன்று நாட்களாக அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டே மருந்து கொடுத்தாள். களைப்பு என்று சொன்னாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். வியாழன் விடிந்தபோது அவளால் எழ முடியவில்லை. வயிற்றைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சிக்கலுக்குச் சுற்றுச்சாலை ஏழு மைல். உவர்த்தரவையின் குறுக்கே போனால் மூன்று.

"அய்யா, வாடைக்காத்து அடிக்கிது. தரவையில தண்ணி ஏறிக் கெடக்கும். சுத்திப் போயிருவோம்."

"நேரமில்லை. குறுக்கே விடுங்கள்."

அவர் விட்டார். அந்தச் சேற்றில் ஒரு மணி நேரம் கிடந்தோம். முன்பே சொன்னேனே என்று அவர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. சிக்கல் சாலையில் ஏறியதும் பின்னாலிருந்து ஊளைபோல ஒரு சத்தம் எழுந்தது. வண்டியை ஓரங்கட்டி, அடியில் நுழைந்து, வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். பால் விட்ட தேநீர் நிறத்தில் எண்ணெய்.

"உப்புத்தண்ணி உள்ள போயிருச்சுங்கய்யா. ஒரு மணி நேரம் குடுங்க."

"முடியாது. எடுங்கள் வண்டியை."

"பல்லு கடிக்கிது. நடுப் பொட்டல்ல கிரவுன் ஒடஞ்சு நின்னுச்சுன்னா அம்மாவ வச்சுக்கிட்டு என்ன செய்வோம்? வேற வண்டி வாராதுய்யா."

வண்டிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "விடுங்க. உங்க குறுக்கு வழியத்தான் பாத்தாச்சுல்ல. அவரு வழிய அவரு பாக்கட்டும்."

மேல் மரை உப்பில் இறுகிப்போயிருந்தது. நான் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, கீழ் மரையைத் திற, கீழ் மரையைத் திற என்று கத்தினேன். மரியாதையை விட்டுக் கத்தினேன். அவர் திரும்பவில்லை. வழக்கமாக மரையோடு "ஏலே, எறங்குலே, ஒன்னய என்ன செய்றேன் பாரு" என்று சண்டை போடுகிற மனிதர், அன்று அதற்கு மட்டும் கேட்கும்படியாக, "அய்யா, சாமி, இன்னைக்கு ஒரு நா எறங்கி வாய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அது இறங்க அரைமணிக்கு மேலாயிற்று. வடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கையிருப்பிலிருந்த புதிய எண்ணெயை மேல் துளையில் வழியும்வரை ஊற்றி மூடினார். அதற்குப் பிறகு வண்டி ராமநாதபுரம்வரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பழைய எண்ணெயோடு அது ஓடியிருக்குமா என்று நான் இன்றுவரை எந்த மெக்கானிக்கிடமும் கேட்டதில்லை.

அறுவை செய்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். குடல்வால் முந்திய நாளே வெடித்திருக்கிறது. வியாழக்கிழமை காலையின் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ எதையும் மாற்றியிருக்காது. அவர் சொல்ல வேண்டியதில்லை. நானும் மருத்துவன்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வண்டியிலிருந்த அவளுடைய புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கிரவுனார் படியருகே வந்து நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது.

"அய்யா, அந்த ஒரு மணி நேரம்... நாந்தானா?"

நான் ஒரு புடவையை மடித்து முடித்தேன். "சாவியை அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றேன்.

வைத்துவிட்டுப் போனார். சிக்கலில் தம் நிலத்தில் உழுதார் என்று கேள்விப்பட்டேன். பேருந்து ஓட்டுநர்கள் தேடிப் போய், "கிரவுன் சத்தம் போடுது, ஒரு எட்டு வந்து கேளுங்க" என்று அழைத்தால், "எனக்கு அது தெரியாதுப்பா" என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாராம்.

என் மௌனத்துக்கு நோய்க்காரணம் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: தரவையில் போன மணி நேரம் என்னுடையது. கையை வயிற்றில் வைத்தபடி அவள் நின்ற மூன்று நாட்களும் என்னுடையவை. அவற்றின் பக்கத்தில் வேறொருவருடைய மணி நேரம் ஒன்று கிடந்தது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன்.

சென்ற மாதம் கிரவுனாரின் மகளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "எங்க அய்யா தவறிட்டாக. ஒங்களுக்கு ஒரு வரி எழுதிரச் சொல்லியிருந்தாக. வேற ஒண்ணும் சொல்லல."

செய்யாமல் விட்டவை:

அறுவை மருத்துவர் சொன்னதை அவருக்குத் தெரிவிப்பது.

தரவையில் விடச் சொன்னது நான்தான் என்பதைக் குறிப்பேட்டில் சேர்ப்பது.

சிக்கலுக்கு ஒருமுறை போவது. நான் குடியிருக்கும் தெருமுனையிலிருந்தே பேருந்து இருக்கிறது.

என்னைவிட நான்கு வயது மூத்த அந்த மனிதரிடம், "ஒங்களால இல்லண்ணே" என்று சொல்வது.