நியால் கீலியைக் கண்டெடுத்தவர்கள்

செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்கு ஆஸ்பத்திரியில் உனாவைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, கணவர் நியால் கீலி இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். ஐந்து மணிக்குள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த மைத்துனன் காரை உயிர்ப்பித்தான். கூடவே ரேடியோவும் உயிர்பெற்றது. "நியால் கீலியைக் கண்டெடுத்தவர், இதோ, நம்முடன் பேசுகிறார்." உனா அப்போது தன் மாமியாருக்கே இன்னும் போன் செய்திருக்கவில்லை.

கண்டெடுத்தவர் என்னும் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஊரில் ஒருவன் பேர் வாங்கினால் அவனைக் கண்டெடுத்தவர்கள் பத்துப் பேர் முளைப்பார்கள். அவன் செத்துப்போனால் அது இருபதாகும். மறுத்துப் பேச அவன் வரமாட்டான் அல்லவா?

எங்கள் ஊரான வாட்டர்ஃபோர்டில் நியாலைக் கண்டெடுக்காத ஆள் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடத்துச் சுவரில் அவன் பந்தை உதைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே பார்த்து "இவன் சாதாரண ஆள் இல்லை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்ட கணக்கு வாத்தியார், பயிற்சி முடிந்து வந்தவனுக்கு இரண்டு துண்டு உருளைக்கிழங்கு வறுவல் அதிகம் போட்டுக் கொடுத்து அவன் கால்களை வளர்த்ததாகச் சொல்லும் மீன்கடைக்காரர், இங்கிலாந்துக்குக் கப்பலேறப் போனவனைத் தன் பஸ்ஸில் ஏற்றிச் சென்ற ஓட்டுநர், அந்த பஸ்ஸில் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தவர், அந்த பஸ்ஸைத் தவறவிட்டவர்! இவர்களெல்லாம் சில்லறைக் கண்டெடுப்பாளர்கள். மொத்த வியாபாரி ஒருவர் இருந்தார். அவர்தான் ரேடியோவில் பேசியவர். பெயர் டெர்மட் கோடி. கால்பந்து சங்கத்தின் செயலாளர், சட்டையில் சங்கச் சின்னம், குரலில் எப்போதும் லேசான ஜலதோஷம்.

"பன்னெண்டு வயசுப் பையன். கால் ரெண்டும் குச்சி. ஆனா பந்து அவன் பேச்சக் கேட்டுச்சு. அன்னைக்கே சொன்னேன், இவன் நாட்டுக்கு ஆடுவான்னு" என்றார் ரேடியோவில்.

குச்சி என்று அன்றைக்கே சொன்னது உண்மை. அதைச் சொல்லித்தான் அந்த வருஷம் முழுக்க நியாலைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவனுடைய இடத்தில் ஆடியது கோடியின் சொந்த மகன். அந்த மகனை ஏனோ இன்றுவரை யாரும் கண்டெடுக்கவில்லை.

ஒரு வீரன் பதினைந்து வயதில் இங்கிலாந்துக்குப் போய், பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களைத் துடைத்து, யாரோ ஒரு அம்மாள் வீட்டு மாடியறையில் படுத்து அழுது, பத்தொன்பதாவது வயதில் "நீ எங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு பையோடு ஊர் வந்து இறங்கும்போது கண்டெடுத்தவர்கள் எங்கே போகிறார்கள்? விடுமுறையில் போகிறார்கள். உனாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அப்போது அவள் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். நியாலுக்கும் அவளுக்கும் பழக்கம் தொடங்கிய புதிது. இருவரும் ஷூர் ஆற்றங்கரையில் நடந்து வந்தபோது எதிரே வந்த கோடி, ஏதோ அவசரம் வந்தவர்போலத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார். மறுநாள் ரொட்டிக்கடையில் அவள் காதுபடவே சொன்னார்: "எனக்குத் தெரியும். மனசுல தெம்பு கிடையாது அந்தப் பயலுக்கு. அன்னைக்கே சொன்னேன்."

கவனித்தீர்களா? மேலே போனாலும் அன்றைக்கே சொன்னார். கீழே விழுந்தாலும் அன்றைக்கே சொன்னார். அன்றைக்கு அவர் வாயே மூடவில்லை போலிருக்கிறது.

நியால் பகலில் கிடங்கில் பெட்டி தூக்கினான், மாலையில் உள்ளூர் அணிக்கு ஆடினான். நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு இரண்டாம் நிலை அணி கூப்பிட்டது. அங்கே நடுக்களத்தில் அடிபட்டு, அடிபட்டு, ஒன்பது பருவங்கள். நாட்டுக்காக இரண்டே ஆட்டங்கள். இரண்டாவதில் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் மாற்று வீரனாக. பிறகு முழங்கால் போனது. ஊர் திரும்பி, சிறுமிகளுக்குப் பந்தாடச் சொல்லிக் கொடுத்தார். அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் கோடியின் விடுமுறை முடிந்திருந்தது.

சாவு வீட்டுச் சடங்கில் அவர் தன் திறமையை முழுதாகக் காட்டினார். எங்களூரில் உடலை வைத்திருக்கும் கூடத்தில் குடும்பத்தார் ஒரு வரிசையாக உட்காருவார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே போவார்கள். உனா, மகள் ஆர்லா, மாமியார், நியாலின் இரண்டு தம்பிகள். அதற்கடுத்த காலி நாற்காலியில் கோடி.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்று உனாவிடம் சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர் கோடியின் கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க அப்பாவா?"

"அப்பா மாதிரி" என்றார் கோடி. கண்ணைத் துடைத்தார். நியாலின் நிஜ அப்பா மேலே சுவர்ப் படத்தில் இருந்தார். அவரால் இறங்கி வர முடியவில்லை.

ஆர்லா அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பாவ நான் தூக்கணும். முன்னாடி நின்னு. எனக்கு வேற எதுவும் வேணாம்மா." அவளுக்குப் பத்தொன்பது வயது, அப்பாவின் உயரம். உனா சரி என்றாள். ஆனால் உனா பிறர் மனம் கோணப் பேசிப் பழகாதவள். மாதா கோயில் வாசலில், அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் ஹென்னெசி சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரை ஜோடி ஜோடியாக நிறுத்தும்போது, முன்வரிசை வலது மூலையில் கோடி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"டெர்மட், அங்க ஆர்லா நிக்கணும்னு..."

"ஐயோ, குழந்தை பாவம் உனா! எடை தாங்குமா அவளுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அவ ஆசைப்பட்டுக் கேட்டா."

"முதல்ல அவன் பாரத்தச் சுமந்தவன் நான். கடைசியிலயும் நானே சுமக்கறேன். பத்திரிகைக்காரங்க வேற நிக்கறாங்க பாரு, இங்க வச்சுப் பேச வேண்டாம்."

உனா பின்வாங்கிவிட்டாள். ஆர்லா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் உனாவைச் சுட்டது.

பெட்டி உயர்ந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு ஆறு பேரும் நடந்தார்கள். கீலி வீட்டு ஆண்கள் எல்லோரும் நெட்டை. கோடி, ஷூவோடு சேர்த்துப் பார்த்தாலும், அவர்கள் கக்கத்துக்கு வருவார். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு வாங்க நடந்தார். போட்டோவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கல்லறைத் தோட்டத்து வாசலில் தூக்குபவர்கள் மாறுவது வழக்கம். ஐந்து பேர் மாறினார்கள். கோடி மாறவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உனா அப்போதுதான் பார்த்தாள். கோடியின் தோளுக்கும் பெட்டியின் அடிப்பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்து மரத்தின் இலைகள்கூடத் தெரிந்தன. ஒரு கையை மட்டும் உயர்த்திப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டெர்மட்" என்றாள் உனா. "நீங்க தூக்கல. தொட்டுக்கிட்டு நிக்கறீங்க."

"என்னம்மா பேசற? தோள் விட்டுப் போகுது எனக்கு!"

"அப்ப நகருங்க. விட்டுப் போன தோளுக்கு ஓய்வு கொடுங்க."

யாரோ இருமினார்கள். ஹென்னெசி குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "பாப்பா, நீ வாம்மா" என்றார்.

கோடி விலகினார். பெட்டி ஒரு நூலளவுகூடத் தாழவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஆர்லா உள்ளே புகுந்தாள். பலகை அவள் தோளில் இறங்கி உட்கார்ந்தது. அவள் முகம் சுருங்கியது. முன் மூலைக்கு அப்போதுதான் ஒரு தோள் கிடைத்தது. அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கோடி வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஹோட்டல் விருந்துக் கூடத்துக்குப் போய், சூப்பைக் குடித்துவிட்டு, மாவு ஒட்டிய எங்களூர் ப்ளா ரொட்டிக்குள் பன்றி இறைச்சியை வைத்து அழுத்திக்கொண்டே பக்கத்து மேசைக்குச் சொன்னார்: "அந்தப் பொண்ணு நடந்தத பாத்தீங்களா? என்ன கால், என்ன உறுதி! நான்தான் இடம் விட்டுக் கொடுத்தேன். அவளும் ஒருநாள் நாட்டுக்கு ஆடுவா. இன்னைக்கே சொல்லிட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் தெருப் பையன் ஒருவன் பெரிய ஆளானபோது, "இத்துனூண்டா இருக்கும்போதே எனக்குத் தெரியும்" என்று நீங்கள் யாரிடமும் சொன்னதே இல்லையா? அவன் தோற்றுத் திரும்பிய வருஷம் தெருவின் எந்தப் பக்கம் நடந்தீர்கள்? அடுத்த முறை யாருடைய பாரத்தையாவது சுமப்பதாகத் தோன்றினால், பக்கத்தில் நிற்பவரிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை நியால் மயங்கி விழுந்தபோது சிறுமிகளின் மைதானத்தில் கோலுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் கட்டி முடித்திருந்தார். வலப்பக்கத்து வலை இன்னும் புல்லில்தான் கிடக்கிறது.