என் அறையில் குடியிருக்கும் காப்பிக் கூப்பன்கள்

செம்பூர், மும்பை,
ஞாயிற்றுக்கிழமை

கையிருப்பில் இருந்த மரியாதை முழுவதற்கும் உரிய பெரியப்பாவுக்கு, சாதனா அநேக நமஸ்காரம். குனிந்து செய்ய ரூமில் இடமில்லை. நின்றபடியே செய்கிறேன், ஏற்றுக்கொள்ளவும். இவ்விடம் அப்பா, அம்மா க்ஷேமம். உங்கள் சபாவின் பெட்டிகள் பரம க்ஷேமம். அந்த க்ஷேமத்துக்கு நடுவே நசுங்கிக் கிடப்பவள்தான் இதை எழுதுகிறாள்.

பெட்டிகளை எப்போது எடுப்பீர்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு இரண்டு கும்பிடும் கை போட்டுவிட்டு, "சபா சம்பந்தமான புகாரைத் தமிழில், தாளில், கையெழுத்தோடு காரியதரிசிக்கு அனுப்பு" என்று பதில் போட்டீர்கள். நீங்கள்தானே அந்தக் காரியதரிசி? காரியத்தைத் தூரத்திலிருந்து தரிசிப்பவர் என்று இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. சரி, எழுதுகிறேன். என் தமிழ் உங்கள் சபாவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. பிழை இருந்தால் சபாவையே சேரும். இந்தக் கடிதமும் சபா பாஷையில் தாற்காலிக ஆவணம் ஆகி, ஒரு பெட்டிக்குள் புகுந்து, டெம்போ ஏறி என் ரூமுக்கே திரும்பி வரும் என்பதும் தெரியும். ஆவணம் என்று எழுதினால் பேனா தானாக ஆணவம் என்று எழுதுகிறது, நான் என்ன செய்ய?

போன வருஷம் ஜூனில் என்ன சொன்னீர்கள்? மாதுங்கா ஆபீஸ் கூரை ஒழுகுகிறது, மழை நிற்கும்வரை நாலு பெட்டி செம்பூரில் இருக்கட்டும் என்றீர்கள். மழை நின்றது, மறு வருஷ மழையும் வந்து நின்றது, பெட்டிகள்தான் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, அதுவும் குட்டி போட்டுக்கொண்டு. அப்பாவிடம் முறையிட்டால், "உங்கம்மா ஆத்து விஷயம், நான் வாயைத் தொறக்கல" என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொள்கிறார். அம்மாவோ, "அத்திம்பேர் வாய்விட்டுக் கேட்டுட்டார், எப்படிடி மாட்டேன்னு சொல்றது? நீ கொஞ்சம் காலை மடக்கிண்டு படு" என்கிறாள். என் அலமாரிக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. உள்ளே விட்ட கையில் எது மாட்டுகிறதோ அதைத்தான் ஜூனியர் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். ஒரு நாள் பட்டுப் பாவாடை மாட்டியது. கெமிஸ்ட்ரி மிஸ், "இன்னிக்கு நிச்சயதார்த்தமா?" என்று ஹிந்தியில் கேட்டு கிளாஸே சிரித்தது.

இத்தனைக்கும் உள்ளே என்ன பொக்கிஷம்? கச்சேரி டிக்கெட் அடிக்கட்டை, கேண்டீன் கூப்பன், "ஏ.சி. அதிகம்" என்று பாதிப் பேரும் "ஏ.சி. போதாது" என்று மீதிப் பேரும் எழுதிப் போட்ட சீட்டுகள். ஆடிட் முடிந்து மூன்று வருஷம் வைத்திருந்து, பிறகு அழிக்க வேண்டும் என்று உங்கள் விதிப் புத்தகமே சொல்கிறது. அழிக்க நீங்கள் ஆள் அனுப்பவில்லை என்று சொல்ல மாட்டேன், அனுப்பினீர்கள். அழித்தல் உபகமிட்டித் தலைவர் சுந்தரராமன் மாமா, தாள் கிழிக்கும் மிஷினைக் கல்யாணப் பெண் மாதிரி டாக்ஸியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அது நவராத்திரி முடிந்த வாரம். சரஸ்வதி பூஜைக்கு என் புத்தகங்களை எடுக்க முடியாமல் (அவை பெட்டிகளுக்குப் பின்னால்), அம்மா பெட்டிகளுக்கே சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போட்டுவிட்டாள். விஜயதசமி காலையில் பூஜையில் வைத்ததை எடுத்து இரண்டு வரியாவது படிக்க வேண்டுமாமே, என்னைக் குளிக்க வைத்து மணையில் உட்கார வைத்தாள், நானும் கணீரென்று படித்தேன்: "ரவா இட்லி ஒன்று, காப்பி இரண்டு, சர்க்கரை இல்லாமல் ஒன்று." அம்மா அந்தக் கூப்பனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாமா குங்குமத்தைப் பார்த்ததும் மிஷினை மறுபடி மூடிவிட்டார்.

"ஐயையோ, பூஜை பண்ணியிருக்கேளே! சரஸ்வதியை மிஷின்ல போட்டு நான் கிழிக்கறதா? என் பேரன் ஜேஈஈ எழுதறான்."

"எனக்கும்தான் மாமா பன்னிரண்டாவது போர்டு பரீட்சை, உட்கார்ந்து படிக்க இடமில்லை" என்றேன்.

"உனக்கு என்னடி குறைச்சல், சரஸ்வதி பக்கத்துலயே தூங்கறயே!" என்று சொல்லி, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கூப்பன்கூட இல்லை.

சரி, சரஸ்வதிக்குப் பயப்படுகிறவர்கள் பூச்சிக்குப் பயப்பட மாட்டார்களா என்று எல்லாப் பெட்டியிலும் சிவப்பு மையில் "கரையான் ஜாக்கிரதை" என்று எழுதி உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். பெட்டிகளை எடுத்துப் போவீர்கள் என்று பார்த்தால், மருந்தடிக்க தாராவியிலிருந்து மாரிக்கண்ணன் அண்ணனை அனுப்பி வைத்தீர்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ பாப்பா, ஒரு கரையானும் இல்ல. இம்புட்டு நெருக்கத்துல அது மூச்சு முட்டில்லா செத்துருக்கும்!" ஆனாலும் வந்ததற்கு அடித்துவிட்டுத்தான் போனார். பெட்டிகள் ரூமில் சுகமாக இருந்தன, நான் அந்த வாரம் முழுக்க ஹாலில் தும்மிக்கொண்டு படுத்திருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன் பெரியப்பா. நேற்று டெம்போவில் இன்னும் மூன்று பெட்டி வந்து இறங்கியதே, கூடவே நீங்கள் அம்மாவுக்குப் போன் போட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழிப்பதற்கு முன் அழிக்கப் போகும் ஒவ்வொரு தாளையும் குறித்து ஒரு பட்டியல் வேண்டுமாம், அந்தப் பட்டியலை மட்டும் அழிக்கவே கூடாதாம், "சாதனா சும்மாதானே இருக்கா, அவ எழுதட்டுமே" என்றீர்களாம். சும்மாவா? யார் சும்மா? பிப்ரவரியில் பரீட்சை, என் ஃபிசிக்ஸ் புத்தகத்தின் முதுகை மட்டும் நவராத்திரியிலிருந்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் சும்மா இருக்கிறேனா? நான் தோற்றால் மார்க் ஷீட்டையும் மூன்று வருஷம் வைத்திருந்து அழிப்பீர்களா? கடைசியாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிறுக்குள் எல்லாப் பெட்டியும் போக வேண்டும். இல்லையென்றால் தினம் ஒன்றாக லோக்கல் ரயிலில் ஏற்றி, முலுண்டில் இறக்கி, உங்கள் வீட்டுக் கட்டில்மேலேயே வைப்பேன். பெரியம்மா காலை மடக்கிக்கொண்டு படுக்கட்டும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம், அவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு நல்ல ஆரோக்கியமும் உங்கள் கமிட்டிக்கு நல்ல புத்தியும் உண்டாகப் பிரார்த்திக்கும்,

இடமற்ற,
சாதனா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. வருகிற ஞாயிறன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாகச் சொன்னீர்களாம். கட்டில்மேல் ஏறி ஆடினேன், ஆட வேறு இடமில்லை. பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். முலுண்டில் உங்கள் பில்டிங் இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறதாம், பில்டர் சாவி கேட்கிறானாம். "ரூம்தான் காலியாறதே, அக்காவும் அத்திம்பேரும் தாற்காலிகமா இங்கயே வந்து இருக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்கிறாள் அம்மா, முகமெல்லாம் பல்லாக. ஆகையால் பெரியப்பா, மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். சபாவின் சரித்திரத்தை இப்படி அவசரப்பட்டு அழிக்கலாமா? ஒரு கூப்பனைக்கூட யாரும் தொட விடமாட்டேன். மாதுங்காவில் இன்னும் பெட்டிகள் இருந்தால் உடனே அனுப்புங்கள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. அங்கே இரண்டு பேர் படுக்கலாம் என்று அம்மா கண்டுபிடிப்பதற்குள் டெம்போ வந்தாக வேண்டும்.